முருகன் போட்ட ஜக்கெற்

குலசிங்கத்துக்கு உலகத்தில் பெரிய ஆசைகள் இல்லை. இருந்தவை இரண்டு. ஒன்று ஆட்டிறைச்சிக் கறி. அது செவ்வாய், வெள்ளி தவிர்ந்த நாட்களில் நிறைவேறிக்கொண்டுதான் இருந்தது. மற்றது அந்தக் கருநீலக் குளிர் ஜக்கெற்.

போன பனிக்காலம் முடிகிற நேரம், கடையில் விலை விழுந்தபோது வாங்கியது. உள்ளே வாத்து இறகு. அமத்தினால் புதையும், விட்டால் மூச்சு விட்டதுபோல் எழும்பும். கோடை முழுவதும் விலைச்சீட்டுக்கூட அறுக்காமல் அலுமாரியில் தொங்கியது. இடைக்கிடை கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். பழைய ஜக்கெற்றின் சிப் எப்போதோ உடைந்துவிட்டது. முன்பக்கத்தை ஊசிகளால் குத்திப் பூட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தார். புதியதை வீடு மாறுகிற அன்று போடுவதென்று மனதுக்குள் வைத்திருந்தார். யாருக்கும் சொல்லவில்லை. அவர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த விஷயங்கள் நிறைய.

மல்வேர்ன் மாடிக்குடியிருப்பிலிருந்து வோபர்னில் வாங்கிய வீட்டுக்குப் போகிறார்கள். மகள் நிலாணி வாங்கி வந்த ஒரு சுருள் பபிள்ராப்பை ரீவியும் கண்ணாடிக் கோப்பைகளும் தின்று முடித்துவிட்டன. பிறகு குலசிங்கம் தமிழ்க்கடை வாசலில் இலவசமாகக் கிடந்த பத்திரிகைகளில் ஒரு கட்டை அள்ளி வந்தார். அவரால் ஒரு தாளையும் வாசிக்காமல் சுற்ற முடியாது. நாலு பீங்கான் சுற்றுவதற்குள் தேநீர் ஆறிப்போனது.

குசினியிலிருந்து வந்த மனைவி ரதி ஒரு பொட்டலத்தைத் தூக்கினாள். மாலை போட்ட முகமொன்று அவளைப் பார்த்தது.

"இஞ்சரப்பா, ஆர் உது?"

"சாவகச்சேரி ஆள். போன மாசம் மோசம் போயிட்டார்."

"புது வீட்டுக்குப் போற சாமானை மரண அறிவித்தலிலயே சுத்துறியள்? இன்னும் பாலே காய்ச்சேல்ல, அதுக்குள்ள செத்தவீட்டு எட்டுச்செலவு செய்யப்போறமே?"

சுற்றியதெல்லாம் அவிழ்ந்தது. மரண அறிவித்தல், நினைவஞ்சலி, நன்றி நவிலல் என்று எல்லாவற்றையும் கழித்த பிறகு, மிஞ்சியவை வீடு விற்கும் முகவர்களின் விளம்பரங்கள்தான். கழுத்துப்பட்டி கட்டி, கையை மடித்துக்கொண்டு, பல்லுத் தெரியச் சிரிக்கும் முகங்கள். ரதி அவர்களை ஏற்றுக்கொண்டாள்.

"இவை உயிரோட இருக்கினம். சிரிக்கினம். நல்ல சகுனம். சுத்துங்கோ."

சனிக்கிழமை விடிந்தது. குலசிங்கம் கருநீல ஜக்கெற்றை எடுத்துக் கதவுக் கொளுக்கியில் மாட்டி வைத்தார். வெளியே காற்று ஊளையிட்டது. சாமான் இறக்க லிப்டை மத்தியானம் வரைக்கும்தான் பதிந்து வைத்திருந்தார்கள். சில்லறைச் சாமான் தவிர எல்லாம் கீழே நின்ற ட்ரக்கில் ஏறிவிட்டது. சுற்ற மிஞ்சியது முருகன். கண்ணாடி போட்ட, ஆளின் அரைவாசி உயரப் படம். காலையில் கடைசி விளக்கு ஏற்றிய பிறகுதான் அதைக் கழற்றலாமென்று ரதி சொல்லியிருந்தாள். இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: "கண்ணாடியில ஒரு கீறல் விழுந்தாலும் நான் அந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டன்." அவள் வைக்கமாட்டாள் என்பது குலசிங்கத்துக்குத் தெரியும்.

"பேப்பர் மிச்சம் கிடக்கு," என்றார்.

"முருகன்ர மூஞ்சையில வீடு விக்கிறவனே?"

"அம்மா, என்ர கம்ஃபோர்ட்டர்?" என்றாள் நிலாணி.

"படுத்தெழும்பினது."

"யோகா மாற்?"

"கால் பட்டது."

"அப்ப உங்கட சீலை? நீங்க கட்டாததே நிறைய இருக்கே."

"கட்டாததெல்லாம் ட்ரக்கில அடியில. கட்டினதைச் சாமிக்குச் சுத்துறதே?"

குலசிங்கம் மூலையிலிருந்து நல்ல தடித்த பெட்டியொன்றை இழுத்து வந்தார். ரதி அதைத் திருப்பினாள். மறுபக்கத்தில் பெரிய இறால் ஒன்று மீசையை விரித்துக்கொண்டிருந்தது. அவர் பெட்டியைத் திரும்ப மூலைக்கே தள்ளிவிட்டார்.

"காட், அம்மா! லிப்ட் டைம் முடியப்போகுது. சுத்தமானது எண்டு இந்த வீட்டில ஒண்டுமே இல்லையா?"

ரதியின் கண் அறையைச் சுற்றி வந்தது. கதவுக் கொளுக்கியில் வந்து நின்றது. அது எதில் நின்றதென்று குலசிங்கத்துக்கு உடனே விளங்கிவிட்டது.

"இஞ்சரப்பா... உது ஒருநாளும் போடேல்லத்தானே?"

போட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல்வதா விடுவதா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது விலைச்சீட்டு காற்றில் ஆடிக் காட்டிக்கொடுத்தது.

முருகன் ஜக்கெற்றுக்குள் போனார். சிப் கழுத்துவரை ஏறியது. தொப்பி கிரீடத்தின்மேல் கவிந்தது. ஜக்கெற்றின் இரண்டு கைகளையும் நிலாணி முன்னால் கட்டிவிட்டாள்.

"ஹி லுக்ஸ் ஸோ வார்ம், அப்பா."

அப்பா பழைய ஜக்கெற்றுக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

ட்ரக்கை நிலாணி ஓட்டிப் போனாள். காரில் முன் இருக்கை முருகனுக்கு. பெல்ற்றும் போட்டார்கள். பின்னால் ரதி பால், அரிசி, உப்போடு இருந்தாள். ஒவ்வொரு குழியிலும் அவளுடைய குரல் வந்தது: "மெதுவா, மெதுவா, ஆள் இருக்கெல்லே!" சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரிலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். குலசிங்கம் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஜக்கெற் முதல்முறை வெளியே போகிறது, தான் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு போகிறார் என்பதை அவர் மெல்ல மெல்ல விளங்கிக்கொண்டார்.

புது வீட்டில் அவிழ்த்தபோது கண்ணாடியில் ஒரு கீறலும் இல்லை. பால் பொங்கி வழிந்தது. ரதி வாசலில் நின்று கண் கலங்கிச் சிரித்தாள்.

பின்னேரம் ட்ரக்கைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டவர், ஜக்கெற்றை எடுத்தார்.

"எங்க கொண்டு போறியள்? சாமியைச் சுத்தினது. அதைப்போய்ப் போடுறதே? வையுங்கோ."

வைத்துவிட்டுப் போனார். வந்து சாப்பிட்டார். பெட்டிகளுக்கு நடுவே கதிரையைப் போட்டு இருந்தார்.  பிறகு கேட்டார்.

"கோயில்ல அம்மனுக்குச் சாத்தின சீலையை ஏலத்தில எடுத்து, நீர் கட்டினனீரெல்லே?"

"ஓம். அது பிரசாதம்."

"உதுவும் முருகனுக்குச் சாத்தினதுதான்."

 நிலாணி கைதட்டினாள். குலசிங்கம் எழுந்து ஒரு கையை ஜக்கெற்றுக்குள் விட்டுவிட்டார். இறகு கையை மெத்தென்று சுற்றிக்கொண்டது.

"சரி, போடுங்கோ," என்றாள் ரதி. "ஆனா மச்சம் மாமிசம் தின்னுற நாளில தொடக்கூடாது. நானும் அந்தச் சீலையை வெள்ளிக்கிழமையில மட்டுந்தான் கட்டுறனான்."

அடுத்த ஞாயிறு பனி கொட்டியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குலசிங்கம் வேலைக்குப் போகவேண்டும். புது அடுப்பில் ஆட்டிறைச்சி கொதித்து, மூடி தட்டிக்கொண்டிருந்தது. அவர் குசினிக்கும் வாசலுக்கும் நடுவே நின்றார். ஒரு பக்கம் கறிவேப்பிலை வாசம். மறுபக்கம் கொளுக்கியில் கருநீலம். யன்னலில் வெள்ளை.

"அப்பா, டிசிஷன் டைம்," என்றாள் நிலாணி.

அவர் கொளுக்கியை ஒருமுறை பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து, சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் இருந்தார்.

"ரதி," என்றார். "அந்தப் பழைய ஜக்கெற் ஊசியளை எந்தப் பெட்டியில வைச்சனீர்?"