பளிச்சு தேய்த்த வட்டம்

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். தேய்த்த கையைப் பற்றிப் பழமொழி எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதைப் பளிச்சைப் பார்த்துத்தான் யாராவது சொல்லியிருப்பார்கள்.

கட்டடங்களின் வெளிச்சுவரையும் கண்ணாடியையும் கழுவித் தருவது அவன் தொழில். வேனின் இரண்டு பக்கமும் 'பளிச்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்ததால், பெற்றவர்கள் வைத்த பெயர் அடிபட்டுப்போய் அதுவே அவன் பெயராகிவிட்டது. கறையைக் கண்டால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. டீக்கடை மேசையைக் கட்டைவிரலால் தேய்ப்பான். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், ஆறுதல் சொல்லிக்கொண்டே ஜன்னல் கம்பியைக் கைக்குட்டையால் துடைக்கத் தொடங்கிவிட்டான். அந்த வீட்டுக்காரர் அழுகையை நிறுத்திவிட்டு, பரவாயில்லை விடுங்க தம்பி என்று சொல்ல வேண்டியதாயிற்று.

காதல் வந்ததும் கறையால்தான். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடிக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கியபடி துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த பிசியோதெரபிப் பெண் அவனைப் பார்த்து, மேல் மூலையைக் காட்டி, அங்கே ஒரு புள்ளி விட்டுப்போச்சு என்று சைகை செய்தாள். அவன் தொழிலில் குறை கண்ட முதல் ஆள் அவள். பளிச்சு அந்தக் கணமே விழுந்தான். கயிறு இருந்ததால் மனசு மட்டும்தான் விழுந்தது.

ஒரு வருஷம் கழித்துப் பிசியோ அவனிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள். அப்பா போனபின் தன்னை ஒற்றை ஆளாக வளர்த்தவள் அம்மா. அம்மா தலையாட்டினால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கு வா, வந்து அம்மாவிடம் நீயே கேள், ஓடிப்போகிற கதையெல்லாம் நம்மிடம் கிடையாது என்றாள்.

அம்மா சாமானியப்பட்டவள் அல்ல. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கழுத்தில் சங்கிலிக்குப் பதில் ஒரு கருப்புக் கயிறும், அதில் ஒரு சின்ன உருப்பெருக்கியும் எப்போதும் தொங்கும். மாணவர்கள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து சந்தோஷப்பட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தாமதமாகிவிடுமோ என்ற பயத்தில் பளிச்சு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் நின்றான். வாசல் கேட் திறந்திருந்தது, கதவு பூட்டியிருந்தது. போன் போட்டபோது பிசியோ ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அம்மா கடைக்குப் போயிருப்பாள், உனக்கு பிஸ்கட் வாங்கத்தான் போயிருப்பாள், உட்கார்ந்திரு, எதையும் தொடாதே என்றாள். கடைசி இரண்டு சொற்கள் சிக்னல் கிடைக்காமல் காற்றோடு போய்விட்டன.

பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே வெயில் காயும் ஒரு சுண்ணாம்புக்கல் சுவர். இடுப்புயரத்தில், பார்த்ததும் கண்ணை உறுத்துகிற மாதிரி, ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டக் கறை. டீக் கோப்பையின் வாய் அகலம் இருக்கும். யாரோ முட்டையின் மஞ்சள் கருவை வீசி அடித்து அது காய்ந்துபோனது போல இருந்தது. பளிச்சு முகத்தைத் திருப்பிக்கொண்டான். செருப்பைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறகு, வருங்கால மாமியார் வீட்டுச் சுவரில் இப்படி ஒரு அசிங்கம் இருக்க, சுத்தம் செய்கிற தொழிலை வைத்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மரியாதையா என்று தனக்குத்தானே நியாயம் பேசினான். எழுந்து வேனுக்குப் போனான்.

ப்ளீச்சிங் போட்டால் புதுச் சட்டையில் வாடை ஏறும் என்பதால், கம்பி பிரஷும் ஒரு வாளித் தண்ணீரும் மட்டும் எடுத்து வந்தான். சாதாரணப் பாசி என்றால் இரண்டு இழுப்பில் உரிந்து வரும். இது வரவில்லை. நகத்தை வைத்து நெம்ப ஓர் ஓரம்கூட இல்லை; கல்லும் கறையும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. இப்படி ஒரு பிடிவாதக் கறையை அவன் தன் தொழிலில் கண்டதில்லை. என்னிடமா உன் வேலையைக் காட்டுகிறாய் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேய்த்தான். கடைசியில் ஆரஞ்சுத் தூளாக அது உதிர்ந்தது. சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. கை கழுவி, தலை சீவி, நல்ல பிள்ளையாகப் படியில் வந்து உட்கார்ந்தான்.

பூதக்கண்ணாடி பிஸ்கட்டோடு வந்தாள். சற்று நேரத்தில் பிசியோவும் வந்து சேர்ந்தாள். டீ நன்றாகத்தான் நடந்தது. எத்தனை மாடி வரை ஏறுவீர்கள், பயமாக இருக்காதா, வீட்டில் யார் யார் என்று அம்மா கேட்டாள். துக்க வீட்டு ஜன்னல் கம்பிக் கதையை அவன் சொன்னதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். பிசியோ மேசைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தான் பளிச்சு.

அப்போது பூதக்கண்ணாடி உள்ளே போய், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களை ஒரு சுருளாக எடுத்து வந்தாள். இதை எல்லோருக்கும் காட்ட மாட்டேன், உங்களுக்குப் பொறுமை இருக்கும் போலத் தெரிகிறது என்றாள். வருஷத்துக்கு ஒரு தாள்; ஒவ்வொன்றிலும் மையால் வரைந்த ஒரு வட்டம். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், முதல் தாளில் சட்டைப் பொத்தான் அளவிலிருந்த வட்டம் மேலே வர வர மெல்லப் பெருத்துக்கொண்டே போனது. இவள் நடக்கப் பழகின வருஷம் ஆரம்பித்தது என்று மகளைக் காட்டினாள்.

அது லைக்கன் என்றாள். மசாலாக் கடையில் விற்கிற கல்பாசிக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் அது இலை மாதிரி, இது பொருக்கு மாதிரி. பூஞ்சை இடம் பிடித்துக் குடிசை போடும், உள்ளே குடியிருக்கிற பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வெறும் கல்லில் பிழைப்பு ஓடாது. ஓரம் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதிகம். இதன் உறவுக்காரர்களை ஊறவைத்து நூலுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அகலத்தை அளந்து பழைய சுவரின் வயசைச் சொல்லியிருக்கிறார்கள். காற்று கெட்டால் முதலில் வாடுவதும் இந்த ஜாதிதான். ஒரு தடவை இரண்டு வருஷம் வட்டம் அசையவே இல்லை. தாள்களைத் தூக்கிக்கொண்டு பின்தெருத் தொழிற்சாலைக்குப் போய்ச் சண்டை போட்டு, அவர்களுடைய புகைபோக்கியை உயர்த்த வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாளாம்.

"ஆரஞ்சு கலர்ல, அவ்ளோ அழகா இருக்கும். வாங்க, நேர்லயே பாக்கலாம்."

 பளிச்சு கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தான். ஆரஞ்சு என்ற சொல்லைக் கேட்டதும் பிசியோவின் பார்வை அவன் சட்டைக் கையின் மடிப்புக்குப் போனது. அங்கே ஆரஞ்சுத் தூள் ஒட்டியிருந்தது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பூதக்கண்ணாடி சுவருக்கு முன்னால் போய் நின்றாள். இடம் தப்பி நிற்கிறோமோ என்று இரண்டடி நகர்ந்து பார்த்தாள். திரும்பி வந்தாள். அந்த வெள்ளை இடத்தைக் கையால் தொட்டாள். பிறகு அவள் தலை மெதுவாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பியது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். பொதுச் சுவரில் சொறி பிடித்த மாதிரி இருக்கிறது, வழித்துவிட்டு வெள்ளையடிக்கலாம் என்று வருஷக் கணக்காகச் சொல்லிவந்தவர். தைரியம் இருந்தால் தொட்டுப் பாருங்கள் என்று இவளும் வருஷக் கணக்காகச் சொல்லிவந்தாள். இப்போது அவள் போட்ட கூப்பாட்டில் அவர் ஷேவிங் நுரை பாதி முகத்தில் இருக்க ஓடி வந்தார். நீங்கள் படித்தவர்தானா, ஒரு உயிரைச் சுரண்டி எறிய எப்படி மனசு வந்தது, நான் கடைக்குப் போகிற நேரம் பார்த்து இதைச் செய்யலாமா என்று அவள் பொரிந்து தள்ளினாள். தான் அந்தப் பக்கமே வரவில்லை, சத்தியமாக வரவில்லை என்றார் அவர். நுரை பூசிய முகத்தோடு சத்தியம் செய்தால் யார் நம்புவார்கள்? அவள் குரல் உடைந்தது. கண்ணில் நீர் முட்டியது. பளிச்சு அதைப் பார்த்தான்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றான் அவன். பிசியோ அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். அவள் சொல்வதிலும் கணக்கு இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று விட்டுவிட்டால் போதும். இன்ஜினியர் ஏற்கனவே ஆகாதவர், புதிதாக என்ன கெட்டுவிடப் போகிறது? வாயை மூடிக்கொண்டிருந்தால் பெண் கிடைப்பாள். திறந்தால் போய்விடுவாள். இவ்வளவு தெளிவாக அவன் வாழ்க்கையில் எதுவும் இருந்ததில்லை. ஆனால் இனி எந்த வருஷம் இந்த வீட்டுக்கு வந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் இருப்பார். அந்தக் கறையை எந்த பிரஷ் வைத்துத் தேய்ப்பது?

"சார் இல்லைங்கம்மா. நான்தான்."

 அவனே மேலும் சொன்னான்.

"கறைன்னு நெனச்சு தேச்சுட்டேன். உங்களுக்கு நல்லது பண்றதா நெனச்சேன். மன்னிச்சிருங்க."

முதலில் வாய் திறந்தவர் இன்ஜினியர். இத்தனை வருஷமாகத் தான் கெஞ்சியும் நடக்காததை ஒரே மாலையில் முடித்துவிட்டாரே என்று மெய்சிலிர்த்து, தம்பி, என் வீட்டு மொட்டை மாடியும் இருக்கிறது, என்ன ரேட்டு என்று கேட்டார். பூதக்கண்ணாடி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, அவளுக்குப் பழக்கமே இல்லாத காரியம் ஒன்றைச் செய்தாள்: தப்பாகப் பேசிவிட்டேன் சார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அவர் அன்றைக்கு ராஜாவாக உள்ளே போனார்.

"ப்ளீச்சிங் போட்டீங்களா?" என்றாள் பூதக்கண்ணாடி, பளிச்சிடம்.

இல்லை, பிரஷும் தண்ணீரும் மட்டும்தான் என்றான். அவள் சட்டென்று தரையில் உட்கார்ந்து, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, மூக்கு சுவரில் உரச ஒவ்வொரு குழியாகப் பார்த்தாள். நேரம் போனது.  பிசியோ அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். 

"வாங்க, இதப் பாருங்க," என்றாள் பூதக்கண்ணாடி.

அவன் குனிந்து பார்த்தான். கல்லின் சின்னச் சின்னக் குழிகளுக்குள், பிரஷின் கம்பி எட்டாத இடத்தில், ஊசி முனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தன. பொருக்கு என்றால் மேலே ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல, கல்லுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருப்பது. அதை முழுசாக எடுக்க வேண்டுமென்றால் சுவரையே எடுக்க வேண்டும் என்றாள். பிழைத்தாலும் பிழைக்கலாம். இவ்வளவு சொல்லும்போது அவள் குரல் பழைய நிலைக்கு வந்திருந்தது. உள்ளே போய் ஒரு புதுத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து, தாளைச் சுவரில் அழுத்திப் பிடித்து, பேனாவை அவன் கையில் கொடுத்தாள். புள்ளிகளைக் குறிக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் குறித்தான்.

"பழைய அளவுக்கு வர இருபத்தஞ்சு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் எனக்கு ஒடம்பு தாங்காது. வருஷா வருஷம் நீங்கதான் அளக்கணும்."

"கண்டிப்பா வந்து அளக்குறேங்கம்மா."

"வந்துட்டுப் போற ஆளை வச்சு இது ஆகாது. வெயில்லயும் மழையிலயும் கூடவே இருக்கணும். சலிச்சுப்போச்சுன்னு நடுவுல விட்டுட்டுப் போகக் கூடாது."

"விட்டுட்டுப் போக மாட்டேன்."

"நான் லைக்கனைச் சொல்லல, தம்பி."

பளிச்சு பேனாவை மூடினான். பிசியோவைப் பார்த்தான். பிறகு அவளுடைய அம்மாவைப் பார்த்தான்.

"நானும் லைக்கனைச் சொல்லலைங்கம்மா."