கனம் முன்னால் இருக்க வேண்டும்

என் மனைவியின் தையல் கடையை அவளுடைய அக்கா வீட்டுக்கு நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வேறு யார் போவது? பிக்கப்பில் டிரெய்லர் மாட்டி இழுப்பதுதான் என் பிழைப்பு. கட்டின பெண்டாட்டி விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் அதற்கும் வண்டி நம்முடையதுதான். நல்ல கூத்து.

சுவரோடு எத்தனை நாள் பேசுவது என்பதுதான் அவள் புகார். சுவர் நான்.

போகாதே என்று சொல்ல வேண்டும். சாமான் ஏற்றும்போது சொல்லலாம் என்றிருந்தேன், சொல்லவில்லை. கிளம்பியதும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வருத்தம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பாலம் தாண்டி இறக்கம். வண்டி வேகம் பிடித்தது. பின்னால் டிரெய்லர் லேசாக இடுப்பை ஆட்டியது. அடுத்த ஆட்டத்தில் பக்கத்துத் தடம் வரை போய்விட்டு வந்தது. ஸ்டியரிங் கையில் உதறியது. என் கால் பிரேக்குக்குப் போனது.

"மிதிக்காதீங்க!" என்று கத்தினாள். "மிதிச்சா பின்னாடி இருக்கறது நம்மளத் தள்ளிக் கவுத்துடும். ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க. ஸ்டியரிங்கை நேரா பிடிங்க, திருப்பாதீங்க!"

சொல்லிக்கொண்டே டாஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு, டிரெய்லர் சக்கரங்களை மட்டும் பிடிக்கும் பிரேக்கை மெல்ல அழுத்தினாள். கல்யாணமான புதிதில் எல்லாச் சவாரிக்கும் என்னோடு வந்தவள், அதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிரெய்லர் கொஞ்ச தூரம் முரண்டு பிடித்துவிட்டு நேரானது. ஓரம் கட்டினேன்.

இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தோம். இரும்பு மேஜையோடு இருந்த பெரிய மெஷின்கள் மொத்தமும் வால் பக்கம். முன்னால் துணி மூட்டைகள். கனம் பின்னால் போனால் டிரெய்லர் ஆடும், முன்னால் இருக்க வேண்டும் என்பது நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் தெரியும்.

"ஏங்க, வேணும்னே இப்படி ஏத்தினீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்ல. எதை எங்க வெச்சேன்னே ஞாபகம் இல்ல."

இருவருமாக மெஷின்களை முன்னால் தள்ளிக் கட்டினோம். அவள் கயிற்றின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏதாவது சொல்லுங்க," என்றாள். "அங்க போய்ச் சேர்றதுக்குள்ள ஏதாவது சொல்லிடுங்க."

வாய் வரை வந்தது.

"நல்லவேளை, மிதிக்கல," என்றேன்.

என்னையே பார்த்தாள். "அவ்வளவுதானா?"

தலையாட்டினேன். அவள் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டாள்.

அக்கா வீட்டு வாசலில் சகலை காத்திருந்தார். "வழியில ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல, சகலை," என்றேன். முதல் மெஷினை நானே இறக்கினேன்.