ஃப்ரீயாக வந்தது எது

வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் மாமாவும் மாமியும். ஒன்றில் ஜெபிஷாவும் கிளைவும். மூன்றாவதில் ஃபினாயில்.

ஃபினாயில் மட்டும் இல்லை. சோப்பு, டூத்பேஸ்ட், நூடுல்ஸ், தக்காளி சாஸ், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பக்கெட்டுகள், யாரும் திறக்காத ஊறுகாய். எல்லாம் ஜோடி ஜோடியாக. அட்டைப் பெட்டிகள் கூரையைத் தொட்டன. உள்ளே ஒரு ஜன்னல் இருப்பதாகக் கிளைவ் சொன்னான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஜெபிஷா அதைப் பார்த்ததில்லை.

மாமியின் பெயர் மில்ட்ரெட். வடக்கே, இந்தக் கட்கியில், ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சில ஸ்டேஷன் தள்ளி ஆகுர்டியில் தள்ளுபடிக் கடை திறந்த பிறகு வாரம் தவறாமல் லோக்கல் ரயிலில் போனார். இரண்டு பைகளோடு போய் நான்கு பைகளோடு திரும்பினார்.

கடை நல்ல கடைதான். துவரம்பருப்பில் கல் இல்லை. எடை சரியாக இருந்தது. முன்பு சாமான் வாங்கிய தெருமுனைக் கிரானா கடைக்காரர், எடுத்ததைத் திரும்ப வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இங்கே எடுக்கலாம், பார்க்கலாம், வைக்கலாம். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் மில்ட்ரெட் எடுத்ததைத் திரும்ப வைத்ததே இல்லை.

அந்த அறையைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு மழையில் முளா ஆறு பாலத்தைத் தொட்டது. கடைகள் மூடிக் கிடந்தன. தெரு முழுக்க அந்த அறையிலிருந்து சாப்பிட்டது, நூடுல்ஸும் ஊறுகாயும். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்த அறையைக் குறை சொல்லவில்லை.

ஜெபிஷாவுக்கு இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு நாகர்கோவில் போக முடியாது. கேம்ப் என்ற பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை, லீவு குறைவு. அவள் அம்மா டிசம்பரில் இங்கே வருகிறாள்.

"உங்க அம்மா ஹால்ல படுக்கட்டும். சோபா இருக்குல்லா" என்றார் மில்ட்ரெட்.

ஹாலில் மாமா ஹெர்பர்ட் டிவி பார்ப்பார். பாட்டுக்கும் சண்டைக்கும் ஒரே சத்தம் வைப்பார். ஜெபிஷாவுக்கு அந்த அறை வேண்டும். அம்மாவுக்கு ஒரு கட்டில், பிள்ளைக்கு ஒரு தொட்டில், அந்த ஜன்னல். டிசம்பருக்குள் வேண்டும்.

"அம்மாகிட்ட நீயே சொல்லு" என்றான் கிளைவ்.

"நீங்க சொல்லுங்க. உங்க அம்மால்லா."

"அதான் டர் லக்தா ஹை. பயமா இருக்கு."

ஸ்கேன் எடுத்துத் திரும்பிய அன்று ஹெர்பர்ட் அவளிடம் மெதுவாகச் சொன்னார். "உள்ளே ஒரு பிள்ளைதான்னு டாக்டர் சொன்னதும் உங்க மாமிக்கு ஒரு சின்ன வருத்தம்."

"எதுக்கு மாமா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு இல்லையே."

ஜெபிஷா ஒரே ஒரு முறை வாய் விட்டு ஒன்று கேட்டிருந்தாள். மட்டிப்பழம். ஊரில் எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்கும் சின்ன வாழைப்பழம். மில்ட்ரெட் ஆகுர்டி போய், நீளமான மஞ்சள் பழமாக இரண்டு டஜன் கொண்டுவந்தார். கூடவே ஒரு ஜாம் பாட்டில்.

"மட்டி அங்கே வரதே இல்லையாம். இது ஒரு டஜனுக்கு ஒரு டஜன். ஜாம் சும்மா கொடுத்தான்."

ஜெபிஷா அந்தப் பழத்தைச் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். 

நவம்பரில் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. கட்கியில் யாரும் எதையும் அறுப்பதில்லை. தொழிற்சாலைக்குப் போகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். இருந்தாலும் பண்டிகை வரும். பொருட்களைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பந்தலில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஓர் எலுமிச்சம்பழம் கோழி விலைக்குப் போகும். பணம் சபைக்கு. யாரும் கேட்காத பொருள், கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பும்.

மில்ட்ரெட் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். ஜெபிஷா எதிரே உட்கார்ந்தாள்.

"மாமி, இந்த வருஷம் என்ன கொடுக்கப் போறீங்க?"

"பூசணிக்காய். எப்பவும் அதானே."

"அந்த ரூம்ல இருந்து ஏதாவது கொடுத்தா என்ன?"

"எதை?"

"ஃபினாயில்."

"கர்த்தருக்கு ஃபினாயிலா?"

"சர்ச்சைக் கழுவத்தானே செய்யுதாங்க மாமி."

மில்ட்ரெட் ஒரு காயை உரித்தார். இன்னொன்றை உரித்தார். யோசனை பிடித்திருந்தது என்று தெரிந்தது. ஆனால் முகத்தில் ஒரு கணக்கு ஓடியது.

"ஒண்ணு நான் காசு கொடுத்து வாங்கினது. ஒண்ணு ஃப்ரீயா வந்தது. வாங்கினதைக் கொடுக்கலாம். ஃப்ரீயா வந்ததைக் கொடுத்தா அது காணிக்கை ஆகுமா?"

"ஆகாது" என்றார் ஹெர்பர்ட், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"அப்போ வாங்கினது எல்லாம் சர்ச்சுக்கு. ஃப்ரீ எல்லாம் வீட்டுக்கு" என்றார் மில்ட்ரெட்.

பாதி அறை. பாதி அறையில் கட்டில் போட்டால் தொட்டில் இல்லை. தொட்டில் கட்டினால் அம்மா சோபாவில். ஜெபிஷா எழுந்து போனாள். வாசலுக்கு அருகே இருந்த இரண்டு ஃபினாயில் பாட்டில்களை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"இதுல வாங்கினது எது மாமி?"

மில்ட்ரெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டிலும் ஒரே விலை அச்சிட்டிருந்தது. ஒரே தேதி. ஒரே நிறம்.

"இது" என்று ஒன்றைத் தொட்டார். பிறகு கையை எடுத்தார். "இல்ல. அதுவோ."

ஹெர்பர்ட் பேப்பரைத் தாழ்த்தினார்.

"தெரியாம ஃப்ரீயைக் கொடுத்திட்டோம்னா?" என்றாள் ஜெபிஷா மெதுவாக.

மில்ட்ரெட் இரண்டு பாட்டில்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பள்ளியில் இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு விடை சொல்லித் தந்தவர். கடைசியில் இரண்டையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"ரெண்டையும் கொடுத்திர வேண்டியதுதான்."

"அப்போ சாஸ்?"

"அதுவும்."

"பேஸ்ட்?"

"ஏட்டி, ஒரே கணக்குக்கு எத்தனை தடவை விடை கேப்பே?"

மறுநாள் பெட்டிகளை இறக்கினார்கள். தேதி கழிந்தவற்றை மில்ட்ரெட் தனியாக வைத்தார். அந்தக் குவியல் அவர் நினைத்ததைவிட உயரமாக வளர்ந்தது. பாதி விலைக்கு வாங்கிய பிஸ்கட், பாதி விலைக்கு வாங்கிய சூப் பாக்கெட். ஒவ்வொன்றின் தேதியையும் இரண்டாம் முறை பார்த்தார். பிறகு தானே சாக்கில் அள்ளிப் போட்டார்.

"என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல" என்றார்.

"நீ யாரையும் உள்ளே விட்டாத்தானே" என்றார் ஹெர்பர்ட்.

மற்றதையெல்லாம் கிளைவ் ஒரு டெம்போவில் ஏற்றினான். ஒரு நடை போதவில்லை.

பந்தலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவே குலையோடு கட்டிய வாழை மரங்களும் கரும்புக் கட்டுகளும். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஜெபிஷாவுக்குக் கடைசியில், வேப்பமரத்தடியில், கை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது.

ஏலம் விட்டவர் தங்கராஜ். தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மைக் இல்லாமலே ரயில் நிலையம் வரை கேட்கும் குரல். சிறுவயதில் மில்ட்ரெட்டிடம் கணக்கில் தோற்றவர்.

பூசணி போனது. முட்டை போனது. ஒரு சேவல் தப்பித்து, பிடிபட்டு, அதுவும் போனது.

"அடுத்தது டீச்சரம்மா வீட்டு ஃபினாயில். ரெண்டு பாட்டில். யார் கேக்கீங்க?"

ஆண்கள் பக்கத்தில் ஒருவர் கை தூக்கி ஒரு விலை சொன்னார். பெண்கள் பக்கத்தில் மில்ட்ரெட் எழுந்து நின்றார்.

"தம்பி, அவ்வளவு கொடுக்காதீங்க. ஆகுர்டியில ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ."

தூக்கிய கை தயங்கியது. இறங்கியது. வேறு கை எழவில்லை. ஜெபிஷா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கராஜுக்குப் பின்னால் சாஸ், சோப்பு, பக்கெட்டு என்று அந்த அறை முழுவதும் அடுக்கியிருந்தது. பந்தலுக்கு வெளியே டெம்போ காலியாக நின்றது. யாரும் கேட்காவிட்டால் எல்லாம் அதில் ஏறும்.

தங்கராஜ் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், பரீட்சை ஹால்ல விடை சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குச் சொன்னது யாரு?"

பந்தல் சிரித்தது.

"ஆகுர்டி விலை ஆகுர்டியோட. அங்கே வாங்கினா கடைக்காரனுக்கு. இங்கே வாங்கினா கர்த்தருக்கு. டீச்சரம்மா உக்காருங்க. அண்ணே, கையைத் தூக்குங்க."

கை எழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. டீச்சரிடம் படித்தவர்கள் பந்தலில் நிறையப் பேர் இருந்தார்கள். டீச்சர் காதுபட விலை கேட்பதில் அவர்களுக்கு ஒரு சுகம் இருந்தது. ஃபினாயில் கடை விலையைத் தாண்டியது. சோப்பு தாண்டியது. ஒவ்வொரு முறையும் மில்ட்ரெட்டின் உதடு அசைந்தது. ஆனால் எழவில்லை. சாஸ் போனபோது பக்கத்திலிருந்தவளின் தோளைத் தட்டினார். ஊறுகாய்க்குக் கேட்பார் குறைந்தபோது அவரே திரும்பிப் பார்த்தார்.

"நல்ல ஊறுகாய். நான் கியாரண்டி. சும்மா இருக்கீங்களே, கேளுங்க."

கேட்டார்கள்.

கடைசிப் பக்கெட்டும் போனது. ஜெபிஷா மூச்சு விட்டாள். கிளைவ் வந்து பக்கத்தில் நின்று டெம்போச் சாவியைச் சுழற்றினான்.

"கத்தம். எல்லாம் முடிஞ்சது" என்றான்.

அப்போது தங்கராஜ் மேசைக்கு அடியிலிருந்து ஒரு குலையைத் தூக்கினார். சின்னச் சின்னப் பழங்கள், நெருக்கமாக. நாகர்கோவில் ரயிலில் யாரோ மடியில் வைத்துக் கொண்டுவந்தது.

"மட்டி" என்றார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வாசனை வேப்பமரம் வரை வந்தது. ஜெபிஷா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதலில் பல கைகள். பிறகு நாலைந்து. பிறகு இரண்டே இரண்டு. ஆண்கள் பக்கம் ஒன்று, பெண்கள் பக்கம் ஒன்று. ஆண்கள் பக்கத்துக் கையில் ஓய்வு பெற்ற நாளில் தொழிற்சாலை கொடுத்த கடிகாரம். பெண்கள் பக்கத்துக் கையில் ஆகுர்டிக் கடையின் துணிப்பை.

"ஆண்கள் பக்கம் ஏத்திட்டாங்க" என்றார் தங்கராஜ். பெயர் சொல்லவில்லை. "பெண்கள் பக்கம் விட்டுக் கொடுப்பாங்களா?"

பை ஆடியது.

"கொடுக்க மாட்டாங்க. ஆண்கள் பக்கம்?"

கடிகாரம் மின்னியது. கரும்புக் கட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சனம் வாயைப் பொத்திக்கொண்டது.

"ஜெபி, அது அப்பாவும் அம்மாவும்ல?" கிளைவ் ஓரடி எடுத்து வைத்தான். "நான் போய் ரோக்கறேன், நிறுத்தச் சொல்றேன்."

ஜெபிஷா அவன் சட்டையைப் பிடித்தாள்.

"பைசா போகுது."

"சர்ச்சுக்குத்தானே போகுது. சும்மா நில்லுங்க."

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விலை இன்னும் நான்கு முறை ஏறியது. ஹெர்பர்ட்டுக்குப் பொறுமை போய்விட்டது. எதிராளி யாரென்று பார்க்க எழுந்து, கரும்பை விலக்கி எட்டிப் பார்த்தார். மறுபக்கம் மில்ட்ரெட்டும் அதற்கேதான் எழுந்து வந்திருந்தார்.

"என்னங்க" என்றார் மில்ட்ரெட். "நீங்களா?"

ஹெர்பர்ட் கையைத் தாழ்த்தினார். பிறகு என்ன தோன்றியதோ, மனைவியைப் பார்த்தபடியே மறுபடி தூக்கினார்.

"கையை இறக்குங்க" என்றார் மில்ட்ரெட், தன் கையை உயர்த்தியபடி.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். டீச்சரம்மாவுக்கு" என்றார் தங்கராஜ். பந்தலில் யாருக்கும் வேறொன்றும் கேட்கவில்லை. அவ்வளவு சிரிப்பு.

திரும்பும்போது டெம்போவின் பின்பக்கம் காலி. குலை முன்னால், மில்ட்ரெட்டின் மடியில். அதற்குக் கொடுத்த விலையை யாரும் பேசவில்லை. கட்கி பஜார் தாண்டியதும் அவரே ஆரம்பித்தார்.

"வாழ்நாள்ல நான் கூடுதல் கொடுத்து வாங்கின சாமான் இது ஒண்ணுதான்."

"நான் இல்லாட்டா பாதி விலைக்குக் கிடைச்சிருக்கும்" என்றார் ஹெர்பர்ட்.

"அதைத்தான் சொல்லுதேன்."

வீட்டில் குலையை வைக்க இடம் பார்த்தார்கள். தரையில் வைத்தால் அடிபடும். சமையலறையில் எறும்பு. மில்ட்ரெட் குலையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது அறைக்குள் போனார். ஜெபிஷா பின்னால் போனாள்.

ஜன்னல் இருந்தது. கிளைவ் சொன்னது உண்மை. மாலை வெயில் தரையில் கிடந்தது. பேசினால் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. கூரையில், இத்தனை நாளும் பெட்டிகள் மறைத்திருந்த இடத்தில், ஓர் இரும்புக் கொக்கி.

கிளைவ் ஸ்டூலில் ஏறிக் கயிறு கட்டினான். குலை தொங்கியது. மில்ட்ரெட் ஒரு பழத்தைப் பறித்து ஜெபிஷாவிடம் கொடுத்தார். இன்னொன்றையும் பறித்தார்.

"இது உள்ளே இருக்கிறதுக்கு."

ஜெபிஷா தோலை உரித்தாள். ஒரே வாயில் போய்விட்டது. இரண்டாவதும் போனது. மில்ட்ரெட் அவள் சாப்பிடுவதைப் பார்த்தார். பிறகு கொக்கியைப் பார்த்தார். குலையை இரண்டு கையாலும் பிடித்து, தன் எடையையும் சேர்த்து ஒரு முறை கீழே இழுத்தார். கொக்கி அசையவில்லை.

"தாங்கும்" என்றார்.

பிறகு ஜன்னலருகே போய் நின்று, சுவரிலிருந்து கொக்கிக்கு நேர் கீழே வரை காலடியால் அளந்தார்.

"உங்க அம்மா கட்டில் இந்தப் பக்கம். கொசுவலை ஆகுர்டியில பாத்தேன்."

"ஒண்ணு போதும் மாமி."

மில்ட்ரெட் யோசித்தார்.

"ஒண்ணுதான் வாங்குவேன்" என்றார். "ரெண்டாவதை அவனாக் கொடுத்தா நான் என்ன செய்ய?"