வெள்ளிக்கால்

என் புருஷன் கபிரியேலின் சட்டையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரியதுரை அந்தப் பதக்கத்தைக் குத்திய நாளில் தோட்டத்தில் தப்படித்தார்கள், ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள். நான் தின்னவில்லை. வயிறு எரிகிறபோது பழம் எப்படி இறங்கும்? இரண்டு காலோடு சண்டைக்குப் போன மனுஷன், இடது காலை பஸ்ராப் பக்கத்து மணலில் எங்கேயோ விட்டுவிட்டு, கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். ராஜாவின் தலை பொறித்த வெள்ளி வில்லை ஒன்று பட்டு நாடாவில் அவர் நெஞ்சில் ஆடியது. கை தட்டினவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் மடுல்சீமைத் தோட்டத்துச் சின்னதுரை பட்டாளத்துக்குப் போகும்போது இவரையும் கூட்டிப் போனார். காயம்பட்டவர்களைத் தூக்கி வருகிற வேலை. குண்டு விழுகிற இடத்துக்குள் ஓடி, இரண்டு சிப்பாய்களை முதுகில் சுமந்து வந்தாராம். மூன்றாவது ஆளைத் தூக்கப் போனபோது கால் போயிற்று. வீரன், வீரன் என்று பெரியதுரை இங்கிலீசில் பேசினார். ஆபீசில் கணக்கெழுதுகிற கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார்.

அந்த வீரனின் புண் ஆறவில்லை. சீழ் வடிந்துகொண்டே இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் போய் நின்று பேர் கொடுத்தால்தான் வேலை. படுக்கையில் கிடக்கிற மனுஷன் எப்படிப் போய் நிற்பார்? ஒரு நாள் வடிவேல் கங்காணி நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவின் வாசலில் வந்து நின்றான்.

"சூசையம்மா, தொரை உத்தரவு. ரெண்டு பேரு பெரட்டுக்கு வந்தாத்தான் ஒரு காம்பரா. திருச்சியிலேருந்து புது ஆளுக வருது. நீங்க மாட்டுப்பட்டிக் கொட்டிலுக்குப் போயிருங்க."

"புண்ணு ஆறாத மனுஷன சாணிக்குப் பக்கத்துல போடச் சொல்றியா? நீயெல்லாம் நல்லாயிருப்பியா?"

"என்கிட்ட ஏன் பாயுற? நானா சொல்றேன்? தொரை சொல்றாரு."

வீரன் என்று சொன்ன அதே வாய்! கபிரியேல் உள்ளே படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் போனதும் துணியில் சுற்றி வைத்திருந்த பதக்கத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"அந்தோனியாருக்குக் காலு நேந்திருக்கேன்னு சொன்னியே. இத உருக்கிச் செஞ்சுட்டு வா."

உடம்பில் எது நோகிறதோ அதை வெள்ளியில் செய்து கோயிலில் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். கண் நொந்தால் கண், கை நொந்தால் கை. புண் ஆறவேண்டும் என்று நானும் ஒரு கால் நேர்ந்திருந்தேன். வெள்ளிக்கு வழியில்லாமல் அது அப்படியே கிடந்தது.

"இதுல ஒங்க பேரு பொறிச்சிருக்குதேங்க," என்றேன்.

"பெரட்டுல இல்லாத பேரு இதுல இருந்து என்னத்துக்கு?"

பதுளைக் கடைத்தெருவில் லிங்கம் பத்தர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு அலறினார்.

"அடி பாவி! ராசா தலையில்ல இருக்கு? உருக்குனா என்னையப் புடிச்சு உள்ள போட்டுருவான்."

"ராசா தலை அவரு கழுத்து மேல பத்திரமா இருக்கு ஐயா. எங்க ஆளுக்குத்தான் காலு இல்ல. நீங்க துருத்திய ஊதுங்க."

என் முகத்தைப் பார்த்த பிறகு பத்தர் துருத்தியை எடுத்தார். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கால் செய்தார். தொங்கவிடுவதற்கு மேலே ஒரு வளையம் வைத்தார். பட்டு நாடாவை அதன் ஊசியோடு என்னிடமே திருப்பித் தந்தார்.

வீட்டுக்கு வந்தால் மறுபடியும் கங்காணி. இந்தத் தடவை பல்லெல்லாம் தெரிந்தது.

"பதுளையில சண்டைக்குப் போனவங்களுக்கு ஞாபகக் கல்லு வைக்கிறாங்க. கொழும்புலேருந்து பட்டாளத்துப் பெரிய தொரை வர்றாரு. கபிரியேல் பதக்கத்தக் குத்திக்கிட்டு வந்து நிக்கணும். நம்ம தோட்டத்துக்கே பெருமை. அது முடியிறவரைக்கும் காம்பராவுலயே இருந்துக்கங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் கொட்டில்தான்."

காட்டுவதற்கு மட்டும் வீரன், படுப்பதற்கு மாட்டுப்பட்டி! அவன் போனதும் நாடாவை எடுத்து வெள்ளிக்காலின் வளையத்தில் கோத்தேன்.

"என்னடி பண்ற? பயமா இருக்குடி," என்றார் கபிரியேல்.

"குண்டுக்குள்ள ஓடுனவரு இதுக்கா பயப்படுறீங்க? பேசாம குத்திக்கங்க."

விழாவுக்குத் துரை மாட்டுவண்டி அனுப்பினார். ஆஸ்பத்திரிக்குப் போக நான் கெஞ்சியபோது வராத வண்டி அது. வழியெல்லாம் அவர் நெஞ்சைக் கம்பளியால் மூடி வைத்தேன். வரிசையில் அவரை நிறுத்திவிட்டு, பட்டாளத்துத் துரை கிட்டே வந்ததும் கம்பளியை உருவினேன்.

அந்த வெள்ளைக்காரர் குனிந்து பார்த்தார். நாடா பதக்கத்தின் நாடா. தொங்குவதோ ஒரு குட்டிக் கால். அவர் ஏதோ கேட்டார். எங்கள் கிளாக்கர் கபிரியேல் பக்கம் திரும்பினார்.

"இது என்னன்னு கேக்குறாரு, கபிரியேலு."

"என் காலுங்க," என்றார் என் புருஷன். குரல் நடுங்கவில்லை.

எங்கள் துரையின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. பட்டாளத்துத் துரை அந்தக் காலையும் பார்த்தார், மடித்துக் குத்தியிருந்த கால்சட்டையையும் பார்த்தார். மறுபடியும் ஏதோ கேட்டார்.

"இப்ப எங்க குடியிருக்கேன்னு கேக்குறாரு."

கபிரியேல் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போனேன்.

"அத எங்க தொரைகிட்டதான் கேக்கணும். இன்னிக்கு ராத்திரி காம்பராவா மாட்டுப்பட்டியான்னு அவருக்குத்தான் தெரியும். அப்படியே சொல்லுங்க கிளாக்கரையா. ஒரு சொல்ல முழுங்குனீங்க, நான் இந்த எடத்தவிட்டு நகரமாட்டேன்!"

கிளாக்கர் சொன்னார். அத்தனை பேரும் துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். துரை தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொன்னார். இந்த மனுஷன் உயிரோடு இருக்கிறவரைக்கும் அந்தக் காம்பரா இவருக்குத்தான் என்று கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

திரும்பும் வழியில் கோயிலுக்குப் போய் வெள்ளிக்காலை அந்தோனியார் பாதத்தில் தொங்கவிட்டேன். வண்டிக்குப் பக்கத்தில் காத்திருந்த வடிவேல் கங்காணி இளித்தான்.

"கெட்டிக்காரிதான் சூசையம்மா. காம்பராவ வாங்கிட்டியே!"

"ஒங்க தொரை சும்மாவா குடுத்தாரு?" என்றேன். "ஒழுகுற காம்பரா ஒன்னுக்கு நாங்க ரெண்டு காலு குடுத்திருக்கோம். சதையில ஒன்னு, வெள்ளியில ஒன்னு. போயி அவருகிட்ட சொல்லு."