விடை எங்கிருந்து வந்தது?

"அந்தப் பேப்பரைக் கட்டுல வை. நீ ஒண்ணும் பார்க்கல, நானும் ஒண்ணும் பார்க்கல."

கணவர் கையிலிருந்த தட்டைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார். கணக்கு டீச்சர் அந்த விடைத்தாளை விடவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கப் போன வருடத்து ஒன்பதாம் வகுப்புத் தாள்கள் பரப்பிக் கிடந்தன. பள்ளிக்கூட அலமாரிக்குத் திருப்பித் தர, வரிசை எண் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் இது கண்ணில் பட்டது.

நாற்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலத்தில் ஒரு தோட்டம். உள்பக்கமாகச் சுற்றிலும் இரண்டு மீட்டர் அகலப் பாதை. பாதையின் பரப்பு என்ன? பெரிய செவ்வகத்திலிருந்து சிறிய செவ்வகத்தைக் கழிக்க வேண்டும். டீச்சர் பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் போட்டுவந்தது அதுதான். வகுப்பே அப்படித்தான் எழுதியிருந்தது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் பாதையை நாலு துண்டாக வெட்டி, துணிக்குக் கரை வைத்துத் தைப்பதுபோலப் போட்டிருந்தாள். இரண்டு துண்டு நாற்பது மீட்டர். மற்ற இரண்டும் இருபத்தாறு மீட்டர், மூலையில் துணி இரட்டிக்கக் கூடாதல்லவா? மொத்தம் இருநூற்று அறுபத்துநான்கு. சரியான விடை.

அதன் குறுக்கே டீச்சரின் சிவப்பு மை பாய்ந்திருந்தது. பூஜ்யம். பக்கத்தில், "விடை எங்கிருந்து வந்தது?" முன் பெஞ்சை எட்டிப் பார்த்துக் காப்பியடித்த விடை என்ற நினைப்பில் எழுதியது. கேள்விக்குறி போட்டாளே தவிர, கேட்கவில்லை.

மற்ற பாடங்களில் எல்லாம் தேறியவள் கணக்கில் முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். அந்தத் தோட்டத்துக்கு ஐந்து மார்க்.

"ஏங்க, அந்தப் பொண்ணைப் படிப்பை விட்டு நிறுத்திட்டாங்க."

"ஃபெயிலானா நிறுத்தத்தான் செய்வாங்க. இன்னிக்கு நீ ஒண்ணைத் திறந்தா, நாளைக்கு என் சயின்ஸ் பேப்பரையும் திறக்கச் சொல்லுவாங்க. வாத்தியார்னா ஒரு மரியாதை வேணாமா?"

இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான். எப்போதும் சேர்ந்தே கிளம்புவார்கள். அன்று அவர் பத்து நிமிடம் முன்னாலேயே போய்விட்டார்.

ஹெட்மாஸ்டர் தாளைத் தொடவே இல்லை. "ரிசல்ட் ஒட்டியாச்சு. ஒட்டினது ஒட்டினதுதான் டீச்சர். இதுவரைக்கும் இந்த ஸ்கூல் மார்க்கை மாத்தினதா சரித்திரமே கிடையாது."

"சார், விடை சரியா இருக்கு. தப்பு என்னுது. மார்க்கைத் திருத்தி எழுதிக் குடுங்க."

"தப்புன்னு சொல்லாதீங்க. எழுத்துல ஒண்ணும் கிடையாது, சீலும் கிடையாது. போய் கிளாஸைப் பாருங்க."

மாணவன் தப்பு செய்தால் முட்டி வலிக்க நிற்க வேண்டும். ஆசிரியர் செய்தால் அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். அங்கே எழுதாத சட்டம் அது. அதை மீறியவளுக்குத் தண்டனையும் உடனே கிடைத்தது. மதிய இடைவேளையில் டீச்சர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. டீ தட்டு அவள் பக்கம் வராமலே திரும்பிப் போனது. கணவர் நாற்காலியை ஜன்னலோரமாக நகர்த்திக்கொண்டார். இத்தனை வருடம் பழகிய அறையில் தனியாக உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். கடைசி பெஞ்சு என்பது இப்படித்தான் இருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மிதித்துக்கொண்டிருந்தவள் அந்தப் பெண்தான். டீச்சரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். உள்ளே அவளுடைய அண்ணன் படுத்தபடி போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டைவிட்டவன். மூன்றாம் தடவைக்கு டியூஷன் வைத்திருந்தார்கள். பையன் ஃபெயிலானால் நேரம் சரியில்லை, பெண் ஃபெயிலானால் படிப்பு ஏறவில்லை. அந்தத் தெருவில் மட்டுமா இந்த நியாயம்?

அப்பா தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்க, எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார்.

"அன்னிக்கு ஃபெயில்னு சொன்னதும் நீங்கதான். இன்னிக்கு பாஸ்னு சொல்றதும் நீங்கதான். நான் எதை டீச்சர் நம்பறது? ஸ்கூல் சீல் போட்டு ஒரு பேப்பர் கொண்டாங்க. அனுப்பறேன். இல்லேன்னா அவ மெஷின்லயே இருக்கட்டும், கை நல்லா ஓடுது."

டீச்சர் விடைத்தாளைப் பெண்ணிடம் நீட்டினாள். "இதை அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னேன் டீச்சர். பேப்பர் குடுத்த அன்னிக்கு எழுந்து நின்னேன். 'உக்காரு'ன்னீங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். பிறகு அந்தச் சிவப்பு வரியின்மேல் விரலை வைத்தாள். "இங்க கேட்டிருக்கீங்களே, பதில் எழுதணும்னு நினைச்சேன். இடம் இல்ல டீச்சர்."

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பத்தாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டை வெள்ளிக்கிழமையோடு மூடிவிடுவார்கள். புதன்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்பே டீச்சர் போய் அறிவிப்புப் பலகையில் இரண்டு தாள்களைக் குத்தினாள். ஒன்று, பெண்ணின் வரிசை எண்ணை மறைத்த அந்தக் கணக்கு. இன்னொன்று, அவளே கைப்பட எழுதியது: "இந்த விடை சரி. பூஜ்யம் போட்டது நான். என் தவறு." கீழே கையெழுத்து.

கூட்டம் கூடிவிட்டது. பெற்றோர் சிலர், "அப்ப எங்க பொண்ணு பேப்பரையும் காட்டுங்க" என்று ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றார்கள். அவருக்குத் தலைக்குமேல் கோபம். பழி பள்ளிக்கூடத்தின் மேல் விழுவதற்குள் அதை ஒருத்தி தலையில் கட்டிவிட வேண்டுமே! மதியத்துக்குள் மெமோ தயாரானது. எழுத்துல ஒண்ணும் கிடையாது என்றவர் முக்கால் பக்கம் எழுதியிருந்தார்.

"ஒன்பதாம் வகுப்பு மாணவியின் கணக்கு விடைத்தாளில் சரியான விடைக்குப் பூஜ்யம் இட்டு, முப்பத்தாறு மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சியடைய வேண்டியவரைத் தோல்வியடையச் செய்தமைக்குத் தாங்கள் மட்டுமே பொறுப்பு. விளக்கம் தருக."

மேலே பெண்ணின் பெயர், வரிசை எண். கீழே ஹெட்மாஸ்டர் கையெழுத்து, அதன்மேல் ஊதா நிறத்தில் பளிச்சென்று பள்ளி முத்திரை. அதற்கும் கீழே, பதில் எழுத நாலு கோடு.

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. ஜன்னலோரத்திலிருந்து கணவர் திரும்பிப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

தையல்காரர் மெமோவை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் முத்திரையைத் தடவினார். "சீல் இருக்கு." எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் முகம் மாறியது. "இதுல உங்களை இல்ல டீச்சர் திட்டியிருக்கு?"

"ஆமா."

"இதைப் போயா எடுத்துட்டு வந்து காட்டறீங்க?"

"வேற பேப்பர்ல சீல் போட மாட்டேன்னுட்டாங்க."

அவர் மெமோவை மடித்து டீச்சரிடம் தந்தார். பிறகு அளவு நாடாவைக் கழற்றி மெஷின்மேல் வைத்துவிட்டு, "எந்திரிம்மா" என்றார் மகளைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை, தான் போட்ட முத்திரையைத் தானே இல்லை என்று சொல்ல முடியாமல், ஹெட்மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்தாம் வகுப்புப் பதிவேட்டில் பெயரைச் சேர்த்தார். டீச்சரின் சம்பள உயர்வை ஒரு வருடத்துக்கு நிறுத்தும்படி மேலே எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

அன்று மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு, வெறும் நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து டீச்சர் மெமோவை விரித்தாள். கணவர் காத்திருக்காமல் போயிருந்தார். இனிமேலும் காத்திருக்கமாட்டார் என்று தோன்றியது, வலிக்கத்தான் செய்தது. விளக்கத்துக்கு விட்டிருந்த நாலு கோட்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அவள் ஒரு கோடுகூட விட்டிருக்கவில்லை.

முதல் கோட்டில் எழுதினாள்: "விடை அவளிடமிருந்துதான் வந்தது. நான் கேட்கவில்லை."

மீதி மூன்று கோட்டையும் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டாள்.