போலி டப்பாவில் கிழக்கு லங்காஷயர்

...இல்லை, அவசரப்படாதே ஐலீன், முதலில் சின்னத்தின் பின்பக்கம், எப்போதும் பின்பக்கம்தான் முதலில், முகத்தைப் பார்த்து மயங்கியவர்கள் எல்லாரும் இந்த பிளாக்பர்ன் சந்தையில் ஏமாந்துதான் போயிருக்கிறார்கள், நானே எத்தனை தடவை... தொப்பியில் செருகும் பட்டை நேராக இருக்கிறது, அதைப் பற்றவைத்த இடம் பழுப்பேறியிருக்கிறது, வார்த்தெடுத்த போலி என்றால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருக்குமே, தடவிப் பார்த்தால் ஒரு குழிகூட இல்லை, அச்சில் அடித்ததேதான். கடவுளே, கண்ணாடியை இரண்டாம் தடவை துடைக்கிறேனே, அறுபத்திரண்டு வயதில் ஒரு பட்டாளத் தொப்பிச் சின்னத்துக்கா இப்படி? சரி, இப்போது திருப்பலாம்... கிழக்கு லங்காஷயர் படை, கிரீடம், எகிப்திய ஸ்ஃபிங்க்ஸ், நடுவில் ரோஜா, அத்தனையும் பித்தளை. ஸ்ஃபிங்க்ஸ் வெள்ளையாக இருப்பதுதான் வழக்கம், முழுப் பித்தளையைப் பார்த்தால் புதிதாகச் சேர்ப்பவர்கள் போலி என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள், 1916இல், போர் நடக்கும்போது, வெள்ளை உலோகத்தை மிச்சம் பிடிக்க ஒரே பித்தளையில் அடித்தார்கள் என்று அவர்கள் எங்கே கண்டார்கள்... நான் கண்டேன். லங்காஷயர் சின்னங்களைக் குத்திவைத்திருக்கும் என் பலகையில் பத்தொன்பது வருடமாக ஒரே ஒரு இடம் காலி, இதற்காக.

ஆனால் இது கிடப்பது கடைக்காரர் ராய்ஸ்டனின் பிஸ்கட் டப்பாவில், மூடியில் அவர் கையாலேயே எழுதியிருக்கிறார், எல்லாம் போலி, எதை எடுத்தாலும் ஒரு பவுண்டு. ஒரு பவுண்டை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போகலாம், இங்கே அதைத் திருட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கெட்டிக்காரி என்பார்கள்... அப்புறம் தினமும் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதரின் முகம் அல்லவா வந்து நிற்கும், மனைவி இறந்த பிறகு தானே இஸ்திரி போட்டு, காலரை மட்டும் எப்போதும் கோட்டைவிடுகிற இந்த நல்ல மனிதரின் முகம். முடியாது. சொல்லிவிட்டேன்.

"ராய்ஸ்டன், இது போலி இல்ல. தப்பா இந்த டப்பாவுல விழுந்திருக்கு."

மாவு மூடிச் சுட்ட உருளைக்கிழங்குப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்படியானால் தனக்குக் கண் அவிந்துவிட்டது, எழுதின விலை எழுதினதுதான் என்றார். விளையாடாதீர்கள் என்றேன், குரல் ஏன் இவ்வளவு கீச்சென்று வந்தது?

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் நல்லாப் பாருங்க, ஐலீன். செவ்வாக்கெழம டீக்கு வர்றேன். நெஜம்னு நிரூபிச்சா, தோத்தேன்னு ஒத்துக்கறேன்."

தூறலில் பேருந்துக்கு நிற்கிறேன், சின்னம் கையுறைக்குள் உள்ளங்கையோடு ஒட்டிக் கதகதப்பாக இருக்கிறது, சிரிப்பை அடக்கவே முடியவில்லை, பக்கத்தில் நிற்கிற அம்மாள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள், பார்க்கட்டுமே, பத்தொன்பது வருடம்! ராய்ஸ்டனையே தோற்கடித்துவிட்டேன், போன குளிர்காலத்தில் சின்னம் சேர்ப்போர் சங்கத்தில் 1916இன் முழுப் பித்தளைச் சின்னங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாரே, அந்த ராய்ஸ்டனை... நில்லு. அவரா இதைப் போலி என்று நினைத்தார்? அதோடு நான் 'இது' என்று நீட்டியபோது அவர் அந்தப் பலகாரத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார், எந்தச் சின்னம் என்று கேட்கவேயில்லையே, நான் எடுக்கட்டும் என்றே அதில் போட்டுவைத்தாரா... பேருந்து வந்துவிட்டது, ஏற வேண்டும், செவ்வாய்க்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது, அவர் டீக்குச் சர்க்கரை போடுவாரா?