சமன் செய்த திடல்

மேற்கே உயர்ந்து கிடக்கும் மேட்டுவெளியின் பழுப்புப் புல்லை வருடிக்கொண்டு இறங்கி, நூற்பு ஓய்ந்து நாளான ஆலையின் நெடும்புகைக்கூண்டை வலம்வந்து, மழையில் கறுத்த கல்வீடுகளின் வரிசைகளுக்கிடையே புகுந்து, அடிவாரத்து ஓடையின் நீரைச் சிலிர்க்கச் செய்யும் எங்கள் இளவேனிற்காற்று, நாளெல்லாம் வீசியும் களைப்பறியாது. ஆயின் கதிரவன் மேட்டுவெளியின் முதுகுக்குப் பின்னே மறைந்த கணமே, சங்கொலி கேட்ட ஆலைத்தொழிலாளியைப் போல, செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டு நின்றுவிடும். பிராக்கன்ஷா ஊரார் அனைவரும் அறிந்த இவ்வியல்பைப் படிப்போரும் நினைவில் வைக்க வேண்டுகிறேன். நான் சொல்லப்புகும் மாலையில், ஊரார் அனைவரும் அதனை மறந்தார்கள்.

மேலே சிற்றாலயம், கீழே ஓடை, இரண்டுக்கும் நடுவே எங்கள் கழகத்தின் கால்பந்துத் திடல். ஆலய முனையில் நிற்பவரின் பாதமும் ஓடை முனைக் கோல்கம்பத்தின் குறுக்குச்சட்டமும் ஏறக்குறைய ஒரே மட்டம் என்று சொன்னால், அதன் சரிவை நீங்கள் கண்ணாற்கண்டது போலாகும். வெளியூர் அணியினர் அதனைக் குறையென்று நகைத்தனர். எம்மவர்க்கோ அதுவே பன்னிரண்டாம் ஆட்டக்காரன். நாணயம் சுண்டி வென்றால் எங்கள் தலைவன் வேறெதையும் எண்ணமாட்டான்; முதற்பாதியில் மேடேறி ஆட ஆலயத்தை நோக்கிக் கைகாட்டுவான். கால்களில் வலுவுள்ளபோதே ஏற்றத்தைத் தாங்கிக் கழித்துவிட்டு, எதிராளியின் கெண்டைக்கால் கல்லாய் இறுகும் பிற்பாதியில் பந்தைச் சரிவின் கையில் ஒப்படைப்பதே எங்கள் கலை. கீழ்நோக்கி உதைப்பவன் பந்தைத் தட்டவேண்டுமே அன்றி அடிக்கலாகாது. மீதித் தொலைவை நிலம் பார்த்துக்கொள்ளும். அந்தச் சிக்கனம், நடக்கத் தொடங்கிய நாள்முதல் அத்திடலிலேயே விழுந்தெழுந்த எங்கள் பிள்ளைகளின் கால்களில் எலும்போடு எலும்பாக ஊறிக் கிடந்தது.

இவர்கள் வார நாட்களில் பால்வண்டி ஓட்டியும் கூரை வேய்ந்தும் பிழைத்து, சனிக்கிழமைகளில் சிறு ஊதியத்துக்கு ஆடியவர்கள். தலைவன் லென் சக்டன் குழாய் பொருத்துபவன். அகன்ற தோளும் குறைந்த பேச்சுமாக, அவன் தந்தை காத்த அதே தடுப்பாட்ட இடத்தைத் தானும் காத்து நின்றவன். கோல்காப்பாளன் கோலின் பாராக்ளஃப், வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று அஞ்சியவனைப் போல ஓயாது பேசுபவன். கழகத் தலைவி மோரின் த்வெயிட், இறைச்சிக்கடை நடத்தியவள். ஆட்டநாட்களில் மாவுக்கூட்டுக்குள் மாட்டிறைச்சி வைத்து அவள் சுடும் 'பை' என்னும் பணியாரத்தின் மணம் ஓடைக்கு அப்பாலும் வீசும்.

ஆலை மூடிய பின்னர் ஊருக்கென எஞ்சியது அக்கழகம் ஒன்றே. அவ்வாறிருக்க, எவரும் எதிர்பாராத ஓராண்டில், சொந்தத் திடலில் ஓராட்டமும் தோற்காமல் அது தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஆனால் மேற்பிரிவின் விதியொன்று வாயிலில் குறுக்கே நின்றது: அத்தனை சரிவான நிலத்தில் அங்கு எவரும் ஆடலாகாது. அப்போது கட்டடம் கட்டும் செல்வர் ஒருவர் முன்வந்தார். தம் செலவிலேயே மண்ணை வெட்டி நிரப்பித் திடலைச் சமனாக்கித் தருவார்; கழகம் மேற்பிரிவில் நிலைக்கும்வரை திடல் கழகத்துக்கே; கீழிறங்கிய அன்று அவருக்கு. எந்த நிலம் எம்மை உயர்த்தியதோ அதனை அழித்தாலன்றி உயரமுடியாது என்னும் நிலைமையை, வெற்றியின் மகிழ்ச்சியில் யாரும் ஊன்றிப் பார்க்கவில்லை.

"கையத் தூக்குங்கப்பா, பை ஆறிப்போகுது," என்றாள் மோரின், இதற்கு இசைவதா என்று முடிவுசெய்யக் கழகக் கூடத்தில் கூடியவர்களிடம்.

"சமமாக்கிட்டா நம்ம பயலுக எப்படி நடப்பானுங்க?" என்றான் கோலின். "நம்மூர்ல பொறந்தவனுக்கெல்லாம் ஒரு கால் கட்டை. நேர் ரோட்டுல விட்டா வட்டமாத்தான் சுத்துவான்."

"உனக்கு ரெண்டு காலுமே கட்டைதாண்டா. லென்னு, நீ சொல்லு கண்ணு. உன் பேச்சுதான் எடுபடும்."

லென் தொப்பியைக் கையில் சுழற்றியபடி எழுந்தான். "எங்கப்பா காலத்துலருந்து மேடுதான் ஜெயிச்சுதுன்னு ஊரெல்லாம் கேலி பண்றான். நாமளும் ஆடத் தெரிஞ்சவங்கதான்னு ஒரு வாட்டி காட்டிடணும், அம்மா," என்று சொல்லிக் கையை உயர்த்தினான், கூடம் முழுவதும் அவனைத் தொடர்ந்து உயர்த்தியது.

கோடைமுழுதும் பொறிகள் உறுமின. ஆலய முனையில் வெட்டிய மண் ஓடை முனையில் கொட்டப்பட்டு, உருளையால் அழுத்தப்பட்டு, புது விதை தூவப்பட்டு, பச்சைத் துணி விரித்தாற்போலத் திடல் மட்டமாய்க் கிடந்தது. அதைக் கண்டு மகிழாதவர் இல்லை. ஆட்டம் தொடங்கிய பின்னரே விளைவு விளங்கிற்று. லென் தட்டிய பந்துகள் தோழனின் காலை எட்டுமுன்பே களைத்து நின்றன. காத்திருந்த எதிராளி அவற்றைக் குனிந்து பொறுக்குவது போல எடுத்துக்கொண்டான். மனம் சமநிலத்தைக் கற்றது. கால்கள் கற்க மறுத்தன. பயிற்சியில் வலுவாய் உதைத்தவர்களும், ஆட்டச்சூட்டில் எண்ணம் ஓய்ந்து உடல் முந்திய நொடியில் பழைய சிக்கனத்துக்கே திரும்பினார்கள். இலையுதிர்காலம் தோல்வியோடு போயிற்று. பனிக்காலம் அதனினும் கொடிதாயிற்று.

ஆயினும் நம்பிக்கை முற்றும் அறவில்லை. பனியால் தள்ளிப்போன கடைசி ஆட்டம் ஏப்ரல் மாதத்து மாலையொன்றில் எங்கள் திடலில் அமைந்தது. சமன்செய்தால் போதும், கழகம் மேற்பிரிவில் நிலைக்கும். தோற்றால் கழகமும் திடலும் ஒருசேரப் போகும்.

"இந்தா பாரு லென்னு," என்றான் கோலின், உடைமாற்றும் அறையில் கையுறையை மாட்டியபடி. "டாஸ் ஜெயிச்சா ஓடைப் பக்கம் பாத்து ஆடு. மொதப் பாதி காத்து நம்ம முதுகுல. பொழுது எறங்குனா காத்தே இருக்காது, அவனுங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது. வெயிலும் என் கண்ணுல அடிக்காது. வெளங்குதா?"

"வெளங்குது, வெளங்குது. காலைலருந்து இதோட எத்தன வாட்டி சொல்லுவ?"

"மண்டைல ஏறுற வரைக்கும், மாப்ள."

நடுவர் நாணயத்தைச் சுண்டினார், லென் வென்றான். எந்தப் பக்கம் என்று அவர் வினவியபோது, அவன் கை தானே எழுந்து ஆலயத்தைக் காட்டியது. அவன் தந்தையின் கையும் அவ்வாறே காட்டியது. அவருக்கு முன்னிருந்தோர் கைகளும் அவ்வாறே. படிப்போரே, அவனை மட்டும் நோவாதீர்! அக்கையைக் கண்டதும் ஊர்முழுதும் பழைய மகிழ்ச்சியோடு ஆர்ப்பரித்தது. காலையிலிருந்து அறிவுரை சொன்ன கோலினும் சீட்டியடித்தபடி ஓடை முனைக்குத் தானே நடந்து சென்று, கம்பங்களுக்கிடையே நின்று, மேற்கு வெயில் கண்ணில் தைத்த பின்னர்தான் திகைத்தான்.

"லென்னு! அட எருமை! என்னடா பண்ணித் தொலைச்ச!"

லென் திரும்பிப் பார்த்து, தன் கையைப் பிறனுடையதைப் பார்ப்பதுபோல் பார்த்தான். ஊதல் ஒலித்துவிட்டது.

முதற்பாதி முழுதும் காற்று எதிரணிக்கு ஊழியம் செய்தது. வெயிலிலிருந்து பிறந்து வந்தாற்போல ஒரு பந்தும், காற்றில் வளைந்து வந்த இன்னொரு பந்தும் கோலினைக் கடந்து வலையில் விழுந்தன. "ஏ நடுவரு, உன் நாயையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம், அதுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கும்!" என்று கம்பிவேலியோரம் கத்திய மோரினும், குறை நடுவரிடம் இல்லையென்று அறிந்தே கத்தினாள். இடைவேளையில் கதிரவன் மறைந்தான், காற்று நின்றது. அதன்பின் எம்மவர் ஆடிய ஆட்டத்தை நான் எவ்வாறு உரைப்பேன்! ஆண்டெல்லாம் தொலைந்திருந்த துணிவு திரும்பிவந்தது. ஒரு கோல் விழுந்தது. ஒன்று குறுக்குச்சட்டத்தில் பட்டுத் தெறித்தது. நேரம் முடியும் தறுவாயில் எதிரணியின் காப்பாளன் பந்தைத் தட்டிவிட முன்னே ஓடிவந்து தவறி விழ, பந்து நடுக்கோட்டருகே லென்னின் காலடியில் நின்றது. எதிரே ஓடை முனையில், காவலற்ற வெறும் வலை.

அவன் அடிக்கவில்லை, தட்டினான்.

பந்து நேராய் உருண்டது. பழைய நிலமாயிருந்தால் அது போகப்போக விரைந்து, வலையின் பின்புறத்தை முட்டியிருக்கும். புதிய நிலமோ அதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவுமில்லை. பந்து மெலிந்தது, தளர்ந்தது, கோல்கோட்டுக்கு ஒரு சாண் முன்னே, படுக்க இடம் கண்ட முதியவளைப் போல, நின்றுவிட்டது. ஓடிவந்த எதிராளி ஒருவன் அதனை ஓடைக்குள் உதைத்தான். நடுவர் ஊதினார்.

வெகுநேரம் கழித்து, திடலிலேயே அமர்ந்திருந்த லென்னின் அருகே வந்தமர்ந்த கோலின், கையுறையைக் கழற்றினான். பிறகு, "நானாயிருந்தாலும் அப்படித்தான் தட்டியிருப்பேன், மாப்ள," என்றான்.

இப்போது அங்கே வீடுகள் நிற்கின்றன. அவற்றுக்கு வடிகால் குழாய் பதிக்க அழைக்கப்பட்டவன் லென் சக்டனே. வேலையை மறுக்காமல், ஒவ்வொரு குழாய்க்கும் மட்டம் பார்த்து, ஓடைப்பக்கம் இவ்வளவு என்று சரிவு வைத்துப் பதித்தான்; சமமாய்ப் படுத்த குழாயில் நீர் ஓடாது என்பது அவன் தொழிலின் முதற்பாடம். அப்பாடத்தைக் கைக்கருவியோடு சுமந்து திரிந்தவனே அன்று கூடத்தில் முதற்கையை உயர்த்தினான். அவனைத் தொடர்ந்து நாங்கள் அனைவரும் உயர்த்தினோம். பிறர் நகைத்த கோணலே எம்மைச் சுமந்தது என்பதை, அது மண்ணுக்கடியில் போன பின்னரே அறிந்தோம். கதிரவன் மறைந்து காற்று ஓயும் மாலைகளில், அவ்வீடுகளின் அடியில் நீர் மட்டும் பழைய வழியே, ஆலயத்திலிருந்து ஓடைக்கு, ஓசையின்றி இறங்கிக்கொண்டிருக்கிறது.